மூலையில்லாத எழுத்து

கண்ண மூடிக்கோ குழலி. அத்தை சொல்றேன், நீ ‘ம்’ மட்டும் சொல்லணும்.

ஒரு ஊர்ல ஒரு போர்டு எழுதுற பொண்ணு இருந்தாளாம். பேரு வஞ்சி. அவ எழுதினா எழுத்துக்கெல்லாம் தொப்பை வந்துடும். ‘ட’வுக்குக்கூட மூலை கிடையாது, வழுவழுன்னு வளைஞ்சு நிக்கும். ‘ம’வைப் பாத்தா நல்லா சாப்ட்டு உக்காந்த மாதிரி இருக்கும். அவ்ளோ அழகு. ஆனா அவளோட அண்ணன், “இந்தக் குண்டெழுத்துக்கு எவன் வேலை குடுப்பான்? திருவிழாவுக்குள்ள ஒரு போர்டாவது நிக்கணும். இல்லேன்னா பிரஷ்ஷை என்கிட்ட குடுத்துடு”ன்னுட்டான். எனக்கே கோவம் வருது. ம் சொல்லு.

அப்புறம் அவ ஒரு வக்கீல் பேரைக் குண்டு குண்டா எழுதி மாட்டினா. கேசுக்காக அழுதுட்டு வந்தவங்க, அதைப் பாத்துக் கிளுக்குன்னு சிரிச்சுட்டாங்க. “நான் என்ன மிட்டாய்க் கடையாம்மா வச்சிருக்கேன், கழட்டு”ன்னாரு வக்கீல்.

அப்போ மருந்துக் கடைக்குப் போனா. பாட்டில்ல ஒட்டுற சீட்டு துளியூண்டு. அதுல எழுதினா தொப்பையும் தொப்பையும் இடிச்சுக்கிச்சு, உள்ள இருக்குற ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சு. “காலையிலயா ராத்திரியான்னே தெரியலயேம்மா”ன்னாரு கடைக்காரர். அவர் சொன்னது நியாயந்தான். வஞ்சிக்கும் புரிஞ்சுது. என் எழுத்துக்குப் பெரிய இடம் வேணும், வார்த்தை கொஞ்சமா இருக்கணும், பாக்குறவங்க மனசு லேசாகுற எடமா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டா.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்புறம் தேர்த் திருவிழா வந்துச்சு. டும் டும் டும்னு மேளம், ஒரே கூட்டம். வழி தவறிப் போன புள்ளைங்களைப் பாத்துக்கிறதுக்கு ஒரு பந்தல், அதுல பவளம்னு ஒரு அக்கா. பந்தல் வாசல்ல கறுப்பா, கூர்கூரா, நீளமா ஒரு அறிவிப்பு. புள்ளைங்க அதைப் பாத்தாலே குடுகுடுன்னு எதிர்ப்பக்கம் ஓடுதுங்க.

“அக்கா, அதை எடுத்துட்டு நான் எழுதட்டுமா?”ன்னா வஞ்சி.

“எழுதும்மா, ஒரு புள்ளையும் வரமாட்டேங்குது”ன்னாங்க பவளக்கா.

ஆள் உசரத்துக்கு, மஞ்சக் கலர்ல, ரெண்டே வார்த்தை எழுதினா. ‘இங்கே வா.’

அப்போ பாரு, அவ அண்ணனே அலறிக்கிட்டு ஓடி வரான். அவனோட குட்டிப் பொண்ணு, பேரு பூவை, கூட்டத்துல அவன் கையை விட்டுட்டா. சாயங்காலம் பூரா தேடியிருக்கான், காணோம். பந்தல் வாசல்ல வந்து பாத்தா, அந்த ‘வா’வோட வயித்துல கன்னத்தை வச்சுக்கிட்டு, பூவை பொரி தின்னுட்டிருக்கா. கன்னமெல்லாம் மஞ்சப் பெயிண்ட்டு.

“உனக்குத்தான் படிக்கவே தெரியாதேடி, எப்படி இங்க வந்தே?”ன்னான்.

“இது கூப்பிட்டுச்சுப்பா”ன்னா.

அவன் புள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான். அப்புறம் அங்கேயே நின்னுக்கிட்டு, போறவங்க வரவங்க எல்லாரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். “இது என் தங்கச்சி எழுதினது. பாத்துட்டுப் போங்க.”

அவ்ளோதான் கண்ணு. தேர் நிலைக்கு வந்துடுச்சு, கதையும் வந்துடுச்சு. நீயும் தூங்கு.