ரப்பர் எத்தனை முறுக்குத் தாங்கும்

காற்றே வராத இடத்தைத் தேடிப் போகிறவர்கள் எங்கள் ஊரில் ஆறு பேர்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பழைய பேட்மின்டன் அரங்கத்தில் கூடுவார்கள். வந்ததும் மின்விசிறிகளை அணைப்பார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துவார்கள். பிறகு வியர்த்து வழிய உட்கார்ந்து குட்டி விமானம் செய்வார்கள்.

சொல்லிக்கொடுப்பவர் ரூபவதி. முப்பத்திரண்டு வயது. மற்ற நாட்களில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. கடுகளவு பசையை ஊசிமுனையில் எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிற கை அவருக்கு. வாய் அந்த அளவுக்கு ஓடாது.

கற்றுக்கொள்பவர்களில் மூத்தவர் பரமானந்தம். ஐம்பத்தாறு வயது. பெண்பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிற கோச். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கைக்கு ஏதாவது நிதானமான வேலை கொடுங்க" என்றதால் வந்து சேர்ந்தவர். நிதானத்தையும் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டுவிடப் பார்த்தார்.

விமானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உடம்புக்கு, பால்சா என்கிற எடையே இல்லாத மரத்தில் ஒரு முழ நீளக் குச்சி. பால்சாச் சட்டத்தில் மெல்லிய தாள் ஒட்டிய இறக்கை. மூக்கில் புரொப்பல்லர். குச்சிக்கு அடியில் முன்னும் பின்னும் கொக்கி, அதில் ஒரு ரப்பர் வளையம். ரப்பரை முறுக்கிவிட்டால் அது பிரிகிறவரை விமானம் பறக்கும். உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. பரமானந்தத்துக்கு அதைச் செய்ய இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அன்று தபாலாபீஸ் கோமளவல்லி இறக்கைக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் சுருங்கிவிட்டது.

"என்னால முடியல டீச்சர்" என்றார்.

பரமானந்தம் சிரித்துவிட்டார். "என் கிரவுண்டா இருந்தா உங்களுக்கு இப்போ ரெண்டு ரவுண்டு."

"எதுக்கு சார்?"

"முடியலன்னு சொன்னதுக்கு. எங்ககிட்ட அதுதான் ரூல். அந்த வார்த்தை வாயில வந்தா ரெண்டு ரவுண்டு எக்ஸ்ட்ரா. நாலு வருஷமா ஒரு பிள்ளையும் சொன்னதில்ல."

ரூபவதி தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஓடுவாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் முகம் சரியில்லை. அந்த வாரம் முழுக்க அவர் மனதில் தாமரைச்செல்விதான் இருந்தாள். அவரிடம் ஓட்டம் பழகுகிற பிள்ளை, பதினேழு வயது. பன்னிரண்டு நாளில் மாநிலப் போட்டி, ஐயாயிரம் மீட்டர். முதலில் வந்தால் கல்லூரியில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். வராவிட்டால் படிப்பு அவ்வளவுதான், வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் மேல் பரமானந்தத்துக்குப் பெற்ற பெண்ணிடம் இருக்கிற பாசம். அதைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி தூரத்தைக் கூட்டுவது. புதன்கிழமையிலிருந்து அவள் இடது காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து ஊன்றுகிறாள். அதை அவர் கவனித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

தன் விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரூபவதியிடம் வந்தார். முந்தைய ஞாயிறு அது பதினேழு நொடி பறந்து உட்கார்ந்துவிட்டது. பயந்து பயந்து முந்நூறு முறுக்குதான் வைத்திருந்தார்.

"டீச்சர், இந்த ரப்பர் எத்தனை முறுக்குத் தாங்கும்?"

"தெரியாது சார்."

"ரோல் மேல போட்டிருக்குமே?"

"போட்டிருக்காது."

"அப்போ எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

ரூபவதி எழுந்து அலமாரியிலிருந்து ரப்பர் ரோலை எடுத்தார். பரமானந்தத்தின் விமானத்தில் மாட்டியிருந்ததும் அதே ரோலில் வெட்டியதுதான். அதே நீளத்துக்கு இன்னொரு துண்டு வெட்டி, முடிச்சுப் போட்டு வளையமாக்கினார். விளக்கெண்ணெயை இரண்டு விரலால் தொட்டு நெடுக நீவினார். ஒரு முனையைக் கம்பத்தில் இருந்த கொக்கியில் மாட்டினார். மறு முனையை, துளை போடுகிற கை டிரில்லில் கொக்கி பொருத்தி அவரே செய்து வைத்திருந்த முறுக்கியில் மாட்டி, அதைப் பரமானந்தத்தின் கையில் கொடுத்தார்.

"பின்னாடி போங்க. நாலு மடங்கு நீளணும். கைப்பிடி ஒரு தடவை சுத்தினா பத்து முறுக்கு. எண்ணிக்கிட்டே சுத்துங்க. இறுக ஆரம்பிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா முன்னால நடந்து வாங்க."

"எது வரைக்கும்?"

"அறுகிற வரைக்கும்."

பரமானந்தம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார். முப்பதாவது சுற்றில் ரப்பர் கயிறாகிவிட்டது. ஐம்பதில் அதன் மேல் வரிசையாக முடிச்சு விழுந்தது. அறுபத்தைந்தில் முடிச்சின் மேல் முடிச்சு. ஒவ்வொரு அடியாக முன்னால் வந்துகொண்டிருந்தார். கைப்பிடி இறுகியது.

"டீச்சர், போதும்னு தோணுது."

"எதை வச்சு சொல்றீங்க?"

"கையில தெரியுது."

"தெரியட்டும். சுத்துங்க."

எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. கோமளவல்லி தாளை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். எண்பத்தொன்றில் பட்டென்று அறுந்தது. ஒரு முனை வந்து பரமானந்தத்தின் மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது. சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

வலித்தாலும் அவருக்குச் சந்தோஷம். "எண்ணூத்திப் பத்து! எண்ணூத்திப் பத்து தாங்குது டீச்சர்!"

"தாங்கல சார். எண்ணூத்திப் பத்துல அறுந்துடுச்சு."

"சரி. அப்போ பிளேன்ல இருக்கிறதுக்கு எண்ணூறு வைக்கலாமா?"

"உங்க பிளேன். உங்க இஷ்டம்."

பரமானந்தம் மணிக்கட்டைப் பார்த்தார். இதே அடி பால்சா குச்சியில் விழுந்தால் இரண்டு மாத வேலை தூள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கன்னா எவ்வளவு வைப்பீங்க?"

"அறுநூத்தம்பது."

"நூத்தி அறுபது முறுக்கு வீணாப் போகுதே!"

"போகட்டும்."

அவருக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அறுநூற்றைம்பதுதான் வைத்தார். அரங்கத்தின் நடுவில் நின்று, எறியாமல், ரூபவதி சொல்லித்தந்தபடி கையைத் திறந்து விட்டார். விமானம் வட்டமடித்தபடி மேலே போனது. விளக்குகளின் உயரத்துக்குப் போய், அங்கேயே அவசரமில்லாமல் சுற்றியது. கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை அழுத்த மறந்து, வாயைத் திறந்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார் பரமானந்தம். அது மெல்ல இறங்கி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கோமளவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்து நாற்பது நொடி இருக்கும் என்றார்.

விமானத்தை எடுத்தார். ரப்பர் பழையபடி தொளதொளவென்று தொங்கியது. அதில் ஒரு கீறல் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரூபவதியின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பிளேனைப் பத்தி இல்ல."

ரூபவதி ஊசியைக் கீழே வைத்தார்.

பரமானந்தம் தாமரைச்செல்வியைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டு நாளில் இருக்கிற போட்டியைச் சொன்னார். இடது காலைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"இப்போ குறைச்சா ஜெயிக்க மாட்டாளோன்னு பயமா இருக்கு. ஏத்துனா கால் போயிடுமோன்னு பயமா இருக்கு. எவ்வளவு தாங்குவான்னு எனக்குத் தெரியல. ரப்பருக்காவது அதே ரோல்ல இன்னொரு துண்டு வெட்டுனீங்க. எனக்கு இன்னொரு தாமரைக்கு எங்க போறது?"

ரூபவதி அறுந்த ரப்பரை மேஜையிலிருந்து எடுத்து விரலில் சுற்றினார்.

"ரப்பருக்கு வாய் இல்ல சார். அதனாலதான் ஒண்ணை அறுத்துப் பாக்குறோம்."

"அவளுக்கு வாய் இருக்கு, கேக்கலாம்னு சொல்றீங்க. கேக்காம இருப்பேனா? நேத்துகூடக் கேட்டேன். கால் எப்படிம்மா இருக்குன்னு. நல்லா இருக்கு சார்ங்கிறா. எப்போ கேட்டாலும் நல்லா இருக்கு சார்."

"வலிக்குதுன்னு சொன்னா?"

"என்ன டீச்சர்?"

"வலிக்குது, முடியலன்னு சொன்னா எத்தனை ரவுண்டு சார்?"

பரமானந்தம் வாயைத் திறந்தார். இரண்டு என்ற எண் அவர் நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.