பன்னிரண்டாவது சீட்டு

"நம்மளக் கடைசியில போட்டுட்டாங்க!"

பிரின்யார் மைதானத்துக்குள் நுழைந்ததும் இதைத்தான் சொன்னான். கையிலிருந்த செய்தித்தாள் காற்றில் படபடத்தது.

ஸ்டெய்னுன் நிமிரவில்லை. கோல் கம்பத்துக்கு அருகே கிடந்த பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இவளைக் குரு என்று சொன்னால் இவளே சிரிப்பாள். காவி கிடையாது, தாடிக்கு வழியே இல்லை. கழுத்தில் ஒரு விசில் உண்டு. வயது முப்பத்துமூன்று. பகலில் பண்ணை பண்ணையாகப் போய் ஆடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பாள். மாலையில் ஸ்கெல்விக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பாள். அவளைவிட நாலு வயது மூத்த பிரின்யார்தான் அணியின் கேப்டன். பிழைப்புக்கு எலக்ட்ரீஷியன் வேலை. ஐஸ்லாந்தில் அமைச்சரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே சீடன் குருவை 'நீ' என்றால் யாரும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம்.

ஸ்கெல்விக்கின் ஜனத்தொகை ஆயிரத்து நூறு. கைக்குழந்தைகளையும் சேர்த்துத்தான். அந்த ஊர் அணி நாட்டின் முதல் பிரிவுக்கு வந்திருப்பது இதுதான் முதல் தடவை. தகுதி பெற்ற அன்று மீன் தொழிற்சாலைச் சங்கை நிறுத்தாமல் ஊதினார்கள். கடலில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பதறிக் கரைக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் படகுச் சங்கை ஊத ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு பெருமை. இருக்காதா பின்னே!

இன்னும் நாலு நாளில் முதல் ஆட்டம்.

அதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு அணிகளின் கேப்டன்களும் தலைநகரில் கூடுவார்கள். இந்தப் பருவத்தில் எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும் என்று ஆளுக்கொரு சீட்டில் வரிசையாக எழுதிப் போடுவார்கள். தங்கள் அணியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். யார் எழுதியது என்று சீட்டில் இருக்காது. மறுநாள் முடிவு செய்தித்தாளில் வந்துவிடும்.

அந்தச் செய்தித்தாள்தான் இப்போது பிரின்யாரின் கையில்.

"பசங்க டிரெஸ்ஸிங் ரூம்ல கொதிச்சுப்போய் உக்காந்திருக்காங்க" என்றான். "இந்த அவமானத்தோட நாலு நாள்ல எப்படி ஆடறது? நீ சொல்லு."

"எத்தனை சீட்டுல கடைசி?"

"எல்லாத்துலயும். ஒருத்தன்கூட நம்மளப் பதினொண்ணாவதுன்னு எழுதல."

"எல்லாம்னா?"

"பன்னிரண்டு சீட்டுலயும்."

ஸ்டெய்னுன் பனியை வாரிக்கொண்டே இருந்தாள்.

"மொத்தம் எத்தனை அணி?"

"பன்னிரண்டு. இது என்ன கேள்வி?"

"நம்மளையும் சேத்தா?"

பிரின்யார் செய்தித்தாளை மடித்தான். நல்ல குளிரிலும் காது மடல் சிவந்துவிட்டது. காலையிலிருந்து அவன் கண்ணில் பட்டதெல்லாம் அடுத்தவன் எழுதியதுதான்.

மடித்த தாளைப் பார்த்தபடி சொன்னான்.

"முதல்ல ஏழாவதுன்னுதான் எழுதினேன்."

"ம்."

"பக்கத்து நாற்காலியில போன வருஷச் சாம்பியன் அணியோட கேப்டன். எட்டிப் பாத்துச் சிரிச்சுடுவானோன்னு தோணிச்சு. அடிச்சுட்டுப் பன்னிரண்டுன்னு எழுதினேன்."

"சிரிச்சானா?"

"அவன் என் பக்கம் திரும்பவே இல்ல."

பிரின்யார் சட்டைப்பையிலிருந்து கையில் மாட்டும் கேப்டன் பட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதை வேற யாருக்காவது குடு. நான் லாயக்கில்ல."

அவள் வாங்கவில்லை.

"இதை உனக்கு நானா குடுத்தேன்?"

"இல்ல. பசங்க கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுக் குடுத்தாங்க."

"அப்ப என்கிட்ட ஏன் நீட்டறே?"

மைதானத்திலிருந்து டிரெஸ்ஸிங் ரூம் நாற்பது அடி இருக்கும். பதினெட்டு வருஷமாக நடந்த தூரம்தான். அன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டான். ஸ்டெய்னுன் மட்டும்தானே கேட்டாள், பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே இருபத்திரண்டு பேர். மீன்பிடிக்கிறவன், பள்ளி வாத்தியார், ரொட்டி சுடுகிறவன், தச்சன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அணி ஏமாற்றிவிட்டது, இந்த அணிக்குத் திமிர் என்று.

"பன்னிரண்டாவது சீட்டு என்னோடது" என்றான் பிரின்யார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்மளக் கடைசின்னு நானும்தான் எழுதினேன். பயந்துட்டேன்."

பட்டையை பெஞ்சின் மேல் வைத்தான்.

கோல் கீப்பர் ஓல்வெர் எழுந்தான். ஆறடி நாலங்குலம். குளிர்காலம் முழுக்கக் கடலில் வலை இழுத்த கை. இரண்டே எட்டில் வந்து நின்றான். அடி விழப்போகிறது என்றே பிரின்யார் நினைத்தான். விழட்டும் என்றும் நினைத்தான்.

ஓல்வெர் பட்டையை எடுத்தான். பிரின்யாரின் கையைப் பிடித்து, முழங்கைக்கு மேலே ஏற்றி, நன்றாக இழுத்து விட்டான். சுளீரென்றது.

"இப்ப எழுதச் சொன்னா எத்தனாவதுன்னு எழுதுவே?"

"முதலாவது."

"சத்தமாச் சொல்லு."

"முதலாவது!"

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டி சுடுகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பின்னால் கதவருகே ஸ்டெய்னுனின் குரல் கேட்டது.

"ஒருத்தனை ஜெயிச்சாச்சு. இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. பூட்ஸை மாட்டுங்க."