வலை போர்த்திய பேரிமரம்

கொடைக்கானலில் பங்களாக்காரர் வையாபுரியின் பேரிப்பழத்துக்கு ஊரே சப்புக்கொட்டும். மதிலுக்கு அந்தப்பக்கம், துணி தேய்க்கும் அன்னக்கொடி வீட்டிலும் ஒரு பேரிமரம், வேறு ரகம். அதன் பூ தன் புல்தரையில் உதிர்ந்ததும் வையாபுரி பொங்கினார்.

"இனி ஒரு பூ விழுந்தாலும் மரத்தை வெட்டிப்புடுவேன்!"

"விழாதுங்கய்யா" என்றவள், மறுவருஷம் மொட்டு விட்டதுமே மரம் முழுக்கக் கொசுவலையைப் போர்த்திவிட்டாள்.

அந்த வருஷம் இரண்டு மரத்திலும் பேருக்குக்கூட ஒரு காயில்லை. தன் பழமும் போனதை அன்னக்கொடி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அடுத்த பூவுக்கும் வலை ஏறவே, வையாபுரி மதிலோரம் ஓடிவந்தார்.

"என்னடி செய்வினை வச்சே?"

"உங்க உத்தரவுதாங்கய்யா. ஒத்தைப் பேரி காய்க்காது, வேற ரகத்தோட பூந்தூள் வேணும். என் பூவைத் தொட்டுட்டு உங்க பூவுக்கு வர்ற தேனீயையும் வலை மறிச்சுப்புடுச்சு."

"வலையை எடு!"

"பூ உதிருமேங்கய்யா?"

அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"உதிரட்டும்மா. நானே கூட்டிக்கிறேன்."