இலுப்பாயியின் உறைகுழி

ஒரு காட்டில், குழந்தைகளே, குகைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் உறைகுழி உள்ள குகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் இலுப்பாயி என்ற கரடி குடியிருந்தாள்.

குகையின் பின்பக்கம், பாறைக்கு நடுவே, ஒரு யானைக்குட்டி படுத்துப் புரளும் அளவுக்குப் பெரிய குழி அது. மழைக்காலத்தில் மலை உச்சியிலிருந்து இறங்கும் குளிரெல்லாம் பாறை இடுக்குகள் வழியாக வந்து அதற்குள் தங்கிவிடும். மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்து மூடிவிட்டால் கோடையிலும் அந்தக் குளிர் போகாது. உள்ளே எதைப் போட்டாலும் விடிவதற்குள் கல்லாக உறைந்துவிடும். நாவல்பழம் கூழாங்கல் ஆகும். தேனடை செங்கல் ஆகும். கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலுப்பாயிக்கு அந்தக் குழியின் மேல் உயிர். அதற்குக் காரணம் இருந்தது.

முந்தைய முறை அவளுக்குக் குட்டி பிறந்தபோது குகையில் தின்ன ஒன்றுமே இல்லை. பசி பொறுக்காமல் கறையான் புற்றைத் தேடி வெளியே போனாள். அவள் போன சற்று நேரத்தில் சிறுத்தை உள்ளே புகுந்துவிட்டது. திரும்பி வந்தபோது குட்டியைக் காணோம். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது மறுபடியும் அவள் வயிற்றில் ஒரு குட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

“இந்தத் தடவை குகையை விட்டு ஒரு அடிகூட நகர மாட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் இந்தக் குழிக்குள்ளேயே இருக்கும்,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சொன்னபடியே சேர்க்கத் தொடங்கினாள். உழைப்பில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. முழுப் பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கி வந்து குழிக்குள் உருட்டிவிட்டாள். இலுப்பைப் பூவைப் பனி ஈரத்தோடு அள்ளி வந்து கொட்டினாள். அதன் மேல் அத்திப்பழம். அத்திப்பழத்தின் மேல் தேனடை. தேனடையின் மேல் இன்னொரு பலா. போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வாள். உள்ளே போனது எங்கே போனது, எதற்கு அடியில் போனது என்று அவள் பார்ப்பதில்லை.

குகை வாசலை ஒட்டிய பொந்தில் சிலும்பன் என்ற முள்ளம்பன்றி ஒண்டுக்குடித்தனம் இருந்தான். எதையும் நிதானமாகச் செய்கிறவன். ஒரு கிழங்கைத் தோண்டுவதற்கு முன்னால்கூட அதைச் சுற்றி வந்து பார்ப்பான்.

“அக்கா, குழியில எனக்கு ஒரு ஓரம் குடுப்பீங்களா?” என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“தாராளமா எடுத்துக்க. உன் உடம்புக்கு ஒரு ஓரமே ஜாஸ்தி!” என்று சிரித்தாள் இலுப்பாயி.

சிலும்பன் வேலையை ஆரம்பித்தான். கிழங்கின் மண்ணைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தினான். ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் ஒரு தேக்கிலையில் வைத்து மடித்தான். அதன் மேல் உட்கார்ந்து தட்டையாக அழுத்தினான். கொடியால் கட்டினான். கடைசியாகத் தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துப் பொட்டலத்தில் குத்தி வைத்தான்.

“இது எதுக்குடா முள்ளு?”

“கோடையில வச்சதுக்கு ஒத்தை முள்ளு அக்கா. மழையில வைக்கப் போறதுக்கு ரெட்டை முள்ளு. எது பழசுன்னு பாத்தவுடனே தெரிஞ்சிடும். பழசை மேல வச்சுக்கிட்டா அதை முதல்ல தின்னுடலாம்.”

“நீ திங்கப் போறியா, இல்லை கோலம் போடப் போறியா?”

சிலும்பன் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்களும் இப்படி வேளைக்கு வேளை தனித்தனியா மடிச்சு வச்சா நல்லதுக்கா. ஈரத்தோட கொட்டினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.”

“ஒட்டினா என்ன? என் நகத்தைப் பாத்தியா?” என்று இலுப்பாயி தன் கையை விரித்துக் காட்டினாள். உண்மையிலேயே பெரிய நகங்கள்தான். சிலும்பன் தன் பொந்துக்குள் போய்விட்டான்.

இலுப்பாயியிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் வந்தாலும் மூடிக்கல்லை நகர்த்திக் குழியைக் காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கருமந்திகள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தன.

“அடேயப்பா! இவ்வளவா!” என்று வாயைப் பிளந்தன.

“இதுக்கே வாயைப் பிளக்குறீங்களே, இன்னும் அடியில எவ்வளவு இருக்கு தெரியுமா!” என்பாள். அவை போதும் போதும் என்கிற வரை திறந்தே வைத்திருப்பாள். யாரும் வராத நாளில் தானே திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பூரிப்பாள்.

திறக்கும்போதெல்லாம் வெயில் காற்று உள்ளே போகும். மேலே இருப்பது லேசாக இளகிச் சாறு கசியும். அந்தச் சாறு சந்துபொந்தெல்லாம் இறங்கிவிடும். மூடியதும் அங்கேயே இறுகிவிடும். அதனால் குவியல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போயிற்று. அதைப் பார்த்த இலுப்பாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாத்தியாடா சிலும்பா, இன்னும் எடம் கிடைச்சிருக்கு!” என்று சொல்லி, கிடைத்த இடத்தில் மேலும் கொட்டினாள்.

ஒரு நாள் இருவாச்சிப் பறவை வந்து குகை வாசலில் இறங்கினார். அந்தச் சமயம் அவருடைய மனைவி மரப் பொந்துக்குள் குஞ்சுகளோடு இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. தாய்ப் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவுதான் மிச்சமிருக்கும். அதன் வழியாகத் தகப்பன் இரை ஊட்டினால்தான் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு.

“தங்கச்சி, நேத்து அடிச்ச காத்துல மரத்துல ஒரு பழம் மிஞ்சலை. குஞ்சுங்க கத்துது. ஒரு வாய் அத்திப்பழம் இருந்தா குடேன்,” என்றார்.

இலுப்பாயி கஞ்சத்தனம் உள்ளவள் இல்லை, குழந்தைகளே. இதை நான் அவசியம் சொல்லியாக வேண்டும். அவள் உடனே மூடியைத் திறந்து கையை விட்டாள். அத்திப்பழங்கள் பனிக்கு உள்ளே சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தன. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இருவாச்சி பார்த்துக்கொண்டே நின்றார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அது... அடியில இருக்கு அண்ணே. இன்னொரு நாள் எடுத்துத் தரேன்.”

இருவாச்சி சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு பறந்து போனார்.

இலுப்பாயியின் மனசில் ஏதோ நெருடியது. அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்கலாம். ஆனால் நெருடுகிற விஷயத்தை நாம் யார்தான் உட்கார்ந்து யோசிக்கிறோம்? மூடியை இழுத்துச் சாத்திவிட்டு, அடுத்த பலாவைத் தேடிப் போனாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடையில் மணல்தான் ஓடியது. மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நின்றன. அந்த நேரம் பார்த்து இலுப்பாயிக்குக் குட்டி பிறந்தது. கண்கூடத் திறக்காத, உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குட்டி. அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். “உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன்டி,” என்றாள்.

பசித்தது. நிம்மதியாக எழுந்து போய் மூடிக்கல்லை நகர்த்தினாள்.

உள்ளே பலாவும் இல்லை, தேனும் இல்லை. குழியின் வாய்வரை ஒரே ஒரு பாறைதான் இருந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று இறுகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒரே கட்டியாகிக் கிடந்தது. அவள் நகத்தால் கீறினாள். நகம் உடைந்தது. கல்லை எடுத்து அடித்தாள். கல் சிதறியது. நாக்கை வைத்து நக்கினாள். நாக்கு ஒட்டிக்கொண்டு, பிடுங்கி எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

அந்தப் பாறையின் ஓரத்தில் மட்டும் வரிசையாக முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

சிலும்பன் வந்து பார்த்தான். அவனும் தன் பல்லால் அந்தக் கட்டியைக் கடித்துப் பார்த்தான். பல் கூசியதுதான் மிச்சம். பிறகு, சொல்லிக் காட்டாமல், தன் ஓரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிடித்து இழுத்தான். அது பட்டென்று தனியாக வந்தது.

“இதைத் தின்னுங்கக்கா.”

“உனக்கு?”

“நான் வெளியே போய்ப் பொறுக்கிக்குவேன். உங்களால போக முடியாதே.”

முள்ளம்பன்றியின் ஒரு வேளைச் சாப்பாடு கரடிக்கு ஒரு வாய். ஒற்றை முள் பொட்டலங்கள் தீர்ந்தன. மழை பெய்யாததால் இரட்டை முள் பொட்டலங்கள் ஒரு சிலதான் இருந்தன. அவையும் தீர்ந்தன. இலுப்பாயியின் பால் வற்றத் தொடங்கியது. குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. வெளியே புதருக்குள் சிறுத்தையின் வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

“அக்கா, கொஞ்ச நேரம் திறந்து வச்சா சொட்டுச் சாறுதான் கசியுது. ஒரே வழிதான் இருக்கு. மூடியைத் தூரமா தள்ளிட்டு எல்லாத்தையும் உருக விட்டுடணும்,” என்றான் சிலும்பன்.

“உருகிட்டா?”

“குழியோட குளிரும் போயிடும். அடுத்த மழை வந்தாத்தான் திரும்பும். உருகினது ரெண்டு நாள்ல புளிச்சுடும்.”

“அப்போ ஒரு வாய்க்காக எல்லாத்தையும் அழிக்கணுமா?”

இலுப்பாயி குட்டியைப் பார்த்தாள். மூடிக்கல்லை முழுவதும் தள்ளிவிட்டாள். ஒரு வருஷ உழைப்பு அங்கே உருகுவதைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

வெயில் ஏற ஏறப் பலாவும் தேனும் இலுப்பைப் பூவும் கலந்த மணம் காடெல்லாம் பரவியது. பசியில் காய்ந்து கிடந்த கருமந்திகளும் மான்களும் பறவைகளும் குகை வாசலில் வந்து குவிந்தன. அவற்றுக்குப் பின்னால் இருவாச்சியும் ஒரு கிளையில் வந்து உட்கார்ந்தார்.

“விரட்டட்டுமா அக்கா?” என்று சிலும்பன் முட்களைச் சிலிர்த்தான்.

இலுப்பாயி வயிறாரத் தின்றிருந்தாள். குட்டியும் பால் குடித்துத் தூங்கியது. ஆனால் குழியில் இருந்ததில் கால்வாசிகூடக் குறையவில்லை. நாளை மறுநாள் இதை ஈ மொய்க்கும். அதற்கு மறுநாள் என் வயிறு மறுபடியும் காயும். இனி இந்தக் குழி எதையும் காப்பாற்றாது. வேறு எங்கே வைப்பது என்று யோசித்தாள். அவள் வாசலில் நின்ற ஒட்டிய வயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“விரட்டாதே,” என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள்: “எல்லாரும் உள்ள வாங்க. வேணுங்கிற மட்டும் தின்னுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். என்னால குட்டியை விட்டு நகர முடியாது. நாளையிலிருந்து உங்க கண்ணுல படுறதுல எனக்கும் ஒரு வாய் கொண்டாந்து போடுங்க.”

“கண்டிப்பா! கண்டிப்பா!” என்றன எல்லாம், வாய் நிறையப் பலாச்சுளையோடு. சாயங்காலத்துக்குள் குழி காலியாகிவிட்டது.

மறுநாள் காலை யாரும் வரவில்லை. நண்பகல் ஆயிற்று. சருகு அசையும்போதெல்லாம் இலுப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். காற்றுதான். அன்று இருவாச்சி அதே வாசலில் காத்துக்கொண்டு நின்றது அவளுக்கு நினைவு வந்தது. நான் கேட்டதற்கு மட்டும் யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு குட்டியை இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் விசுக் விசுக்கென்று பெரிய சிறகுச் சத்தம் கேட்டது. இருவாச்சி வாசலில் இறங்கினார். மலைக்கு அந்தப் பக்கம்வரை போய் வந்த களைப்பு அவர் சிறகில் தெரிந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

இலுப்பாயியால் தலை நிமிர முடியவில்லை. “அண்ணே, அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான்...”

“அதை விடு தங்கச்சி. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறவளோட பசி எனக்குத் தெரியும். முதல்ல தின்னு. இது அடியில இல்லை, மேலேயே இருக்கு.”

அதற்கு மறுநாள் கருமந்திகள் கொழுந்து கொண்டு வந்தன. அதற்கு மறுநாள் வேறு யாரோ. குட்டி கண்ணைத் திறந்தது.

அடுத்த மழை தவறாமல் பெய்தது. குழி மறுபடியும் குளிர்ந்தது. ஒரு நாள் கருமந்தி ஒன்று பழைய ஆசையில் ஓடி வந்து மூடியை நகர்த்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது. குவியலையே காணோம். தட்டைத் தட்டையாகத் தேக்கிலைப் பொட்டலங்கள்தான் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளோ இரண்டு முள்ளோ குத்தியிருந்தது.

“பாத்தது போதும், மூடு. குளிர் போகுது,” என்றாள் இலுப்பாயி.

“சரிக்கா. ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு பொட்டலம் தனியா இருக்கே, அது என்ன?”

“அத்திப்பழம். இருவாச்சி அண்ணன் வீட்டுக்கு,” என்றாள் இலுப்பாயி.

நீதி: வேண்டும்போது கைக்கு வராத பொருள், எவ்வளவு இருந்தாலும் இல்லாததே.