தளவாய் ஏறி இறங்கிய படிகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். சபையில் தலைப்பாகைகள் கூடிவிட்டால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். ஒருநாள் எரிச்சலில், "இத்தனை நீதிபதிகள் எதற்கு? படை மன்றத்து நீதிபதியே மேல் மன்றத்தையும் பார்க்கட்டும்!" என்று மேல் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு பதவியும், படைத்தலைவராகவும் படை மன்றத்து நீதிபதியாகவும் இருந்த தளவாய் உக்கிரசேனர் கைக்கு வந்தன. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் காத்தான் என்ற காவல் வீரன் மாட்டிக்கொண்டான். கிணற்றில் விழுந்த ஒரு பெண்ணைத் தூக்கிவிடக் காவலை விட்டு ஓடியிருக்கிறான். படை மன்றத்தில் அமர்ந்த தளவாய், "தலையை எடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னார். மேல் மன்றத்தில் முறையிடலாம்; ஆனால் அங்கே கேட்கப் போவதும் அதே தளவாய்தானே!

அரண்மனை விகடன் வேம்பையனுக்குப் பொறுக்கவில்லை. "இது அடுக்குமா மகாராஜா?" என்று சபையில் கேட்டுவிட்டான்.

ராஜா அவன்மேல் வைத்திருந்த பிரியம் தளவாய்க்கு எப்போதும் ஆகாது. சரியான சமயம் வாய்த்தது. "ஒருவருக்கு இரண்டு பதவி கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? காட்டட்டும், பிரபு. காட்டாவிட்டால் காத்தானோடு இவன் தலையும் போகட்டும்!" என்றார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜாவும் தலையாட்டினார்.

சட்டத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

"சட்டம் தடுக்கவில்லை, மகாராஜா. மேல் மன்றத்தில் விசாரணை நடக்கட்டும். மன்றத்து வழக்கம் மட்டும் குறையாமல் நடக்க வேண்டும்" என்றான் வேம்பையன்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அந்த நாட்டு வழக்கம் இதுதான்: மேல் நீதிபதி படிகளுக்கு மேலே ஆசனத்தில் அமர்ந்து கேள்வி கேட்பார். தீர்ப்புச் சொன்ன கீழ் நீதிபதி படிகளுக்குக் கீழே, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பதில் சொல்வார்.

தளவாய் ஏறி அமர்ந்து, "ஏன் தலையை எடுக்கச் சொன்னீர்?" என்று காலித் தரையைக் கேட்டார்.

"கீழே ஆளைக் காணோமே!" என்றான் வேம்பையன்.

தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, தலைப்பாகையைக் கழற்றி, "காவலை விட்டு ஓடினான்" என்றார்.

"யாரிடம் சொல்கிறீர்கள்? மேலே ஆளில்லையே!"

மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். தொந்தி குலுங்கியது, மூச்சு வாங்கியது. கடைசியில் நடுப்படியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"நடுப்படியில் இருக்கும் இவர் எந்த மன்றம், மகாராஜா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் விஷயம் உறைத்தது. பழைய மேல் நீதிபதியை உடனே அழைத்துவரச் சொன்னார். அவர் வழக்கைக் கேட்டு, "ஓர் உயிரைக் காப்பதும் காவல்தான்" என்று காத்தானை விடுதலை செய்தார். காத்தான் வேம்பையன் காலில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதான்.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டு, "விகடன் வேலையோடு மந்திரி வேலையும் உனக்கே!" என்றார்.

"மாலை போதும், மகாராஜா," என்று கும்பிட்டான் வேம்பையன். "இரண்டையும் ஏற்றால், நான் சொல்லும் விகடத்துக்கு நானே சிரிக்க வேண்டியிருக்கும்."