கப்பலுக்கு ஒரு நீதி

எல்லை தாண்டியதாக வல்லரசு பிடித்துவைத்த மீனவர்களை விடுவிக்கச் சொல்லி, குட்டித் தீவு நாடொன்று உலக நீதிமன்றத்துக்குப் போனது. சாட்சி சொல்ல வந்தவள் சூசையம்மாள். அவள் மகனும் வல்லரசின் சிறையில் இருந்தான்.

"இந்தக் கோர்ட்டுக்கு எங்கள்மேல் அதிகாரமே இல்லை. உண்டென்றால் நீயே நிரூபியம்மா, பார்ப்போம்" என்றார் வல்லரசின் வக்கீல்.

"எனக்குச் சட்டம் தெரியாதுங்க ஐயா. போன வருஷம் வேற நாடு பிடிச்ச உங்க கப்பலை இதே கோர்ட்டுதானே மீட்டுக் கொடுத்துச்சு? அதிகாரம் இல்லேன்னா அந்தக் கப்பலைத் திருப்பிக் கொடுத்துருங்க."

சபை சிரித்தது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பும் மீனவர்கள் பக்கமே வந்தது.

"மகனை எப்போ கூட்டிட்டுப் போகலாங்க?" என்று கேட்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எங்களால் தீர்ப்புச் சொல்லத்தான் முடியும். சிறையைத் திறக்க வேண்டியவர்கள் அவர்கள்தான் அம்மா."

சூசையம்மாள் திரும்பிப் பார்த்தாள். வல்லரசின் நாற்காலிகள் காலியாக இருந்தன.