மற்றவர்கள் கெடுத்த அதிரசம்

அந்த அரண்மனையில் அதிரசம் என்றால் சிதம்பரநாதர்தான். கர்வத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை. அரிசி களையும் பவளக்கொடிக்கு அவர் தொழில் சொல்லித்தர வேண்டுமென்று ராஜா உத்தரவிட்டதும் மனிதருக்கு வயிறெரிந்தது.

“ஒரே ஒரு கேள்வி கேள், அதுக்கு மட்டும்தான் பதில். தீபாவளிக்கு நீ சுடுற அதிரசம் சரியில்லைன்னா உன் வேலை போச்சு!”

பவளக்கொடி கைகட்டி நின்றாள். “ஐயா, மத்தவங்க எல்லாம் எங்கே கோட்டை விடுறாங்க?”

அவர் முகம் மலர்ந்தது. “மாவை ஈரம் போகக் காயவைப்பான் ஒரு முட்டாள்! பாகை முத்தவிட்டுக் கல்லாக்குவான் இன்னொருத்தன்! உங்க ஊர்க்காரன் இருக்கானே, பிசைஞ்ச அன்னிக்கே சுட்டுட்டு, எண்ணெயில பிரிஞ்சுபோச்சேன்னு அழுவான்!” பொழுது சாயும்வரை ஊரையே வறுத்தெடுத்தார்.

தீபாவளியன்று பவளக்கொடி சுட்டதில் ராஜா மூன்றாவது அதிரசத்துக்குக் கை நீட்டினார்.

“நான் எதுவுமே சொல்லித்தரலையே!” என்று திகைத்தார் சிதம்பரநாதர்.

“ஆமாங்கய்யா. செய்யக்கூடாததை எல்லாம் சொன்னீங்க. மிச்சம் இருந்ததை நான் செஞ்சேன்.”